காலருக்குள் நூல்

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மணி அடித்தால், அந்தப் பள்ளிக்கூடத்தில் அறுபத்து மூன்று பிள்ளைகளும் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். மாதா கோயிலுக்குப் பின்னால், கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு அறை, நடுவில் ஒரு சிமெண்டு முற்றம். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். கழற்றிய சட்டைகளும் பாவாடைகளும் கால்சட்டைகளும் இரண்டு பெரிய மூட்டைகளாகும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வீட்டுத் துணியோடு வருவார்கள். வெளுத்துத் தேய்த்து அடுக்கிய சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது பெரிய சிஸ்டர். தலைமையாசிரியை அவர்தான். பிள்ளைகளில் பாதிப் பேர் ஒற்றை அறை வீடுகளில் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில பிள்ளைகள் பளிச்சென்று வருவதும், சில பிள்ளைகள் பழுப்பேறிய காலரோடு வருவதும், பளிச்சென்று வந்தவர்கள் மூக்கைச் சுளிப்பதும் சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையிலாவது எல்லோரும் ஒரே வெள்ளையாக நிற்கட்டும் என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்ட தாய்மார்கள் உண்டு.

துறைமுகத்தை நம்பி நாலா பக்கத்திலிருந்தும் சனங்கள் வந்து குவிந்த ஊர் அது. மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவர்கள், தீவுக்காரர்கள், ஊரின் பழைய குடிகள், பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் என்று ஐந்து வகைப் பிள்ளைகள் அந்த முற்றத்தில் ஓடினார்கள். நிறம் வேறு, மூக்கு வேறு, வீட்டில் பேசுகிற பேச்சு வேறு. பாடத்தில் ஒன்றும் ஏறாவிட்டாலும், ஒருத்தர் பாஷையின் கெட்ட வார்த்தைகளை இன்னொருத்தர் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடுகிற எட்டு வயதுச் சிறுமிக்கு ஐந்து பாஷையில் திட்டத் தெரியும். நன்றி சொல்ல இரண்டில்தான் தெரியும்.

சுண்டெலியின் அம்மாதான் அந்த மூட்டைகளை வெளுப்பவள். சலவை நிலையத்தில் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவள் இஸ்திரிக்காரி. கப்பலேறி வந்தவர்களின் பேத்தி. வாரம் முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் இயந்திரங்கள் சும்மா கிடக்கும் நேரத்தில் முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிப் பள்ளிக்கூடத்து மூட்டையைப் போடுவாள். காலர்களைத் தனியாக சோப்புப் போட்டுக் கையால் கசக்குவாள். கஞ்சி போட்டு, உதறி, கொடியில் மாட்டி, பாதி ஈரத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மேசைமேல் கம்பளியை மடித்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் நிமிரமாட்டாள். முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் கை, கடைசியில் முதுகு. அந்த வரிசை தப்பினால் சட்டை கசங்கும் என்பது அவள் கட்சி. வீட்டுக்காரன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவன். தன் சட்டையைத் தேய்க்க மட்டும் அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை என்று அவன் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அறுபத்து மூன்று சட்டையும் ஒரே துணி, ஒரே வெட்டு. எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் எழுதினால் கஞ்சியில் கரைந்து போனது. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் அவளுக்குப் பெரும்பாடு. அவளுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி வழக்கம்தான். அங்கே விரிப்பின் ஓரத்தில் வார்டுக்கு ஒரு நிற நூலால் தைத்திருப்பார்கள். ஆபரேஷன் வார்டுக்குச் சிவப்பு, பிள்ளைகள் வார்டுக்குப் பச்சை. அதையே இங்கேயும் செய்தாள். காலருக்கு உள்பக்கம், கழுத்து மறைக்கிற இடத்தில் ஒரு சின்னத் தையல். மலைப்பக்கத்தவர்களுக்குச் சிவப்பு, ஆற்றுக்காரர்களுக்குப் பச்சை, தீவுக்காரர்களுக்கு நீலம், பழைய குடிகளுக்குக் கறுப்பு, தன் சனத்துக்கு மஞ்சள். எந்தப் பிள்ளை என்பதற்கு முடிச்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். பாவாடைக்கும் கால்சட்டைக்கும் இடுப்புப் பட்டியில் அதே அடையாளம். தெருவாரியாகப் பிரித்திருக்கலாம், வகுப்புவாரியாகப் பிரித்திருக்கலாம். சனவாரியாகப் பிரிப்பதுதான் அவள் கைக்கு வந்தது. பிள்ளையைப் பார்த்ததும் எந்த நூல் என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம் என்பதால் அப்படிச் செய்தாள். ஐந்து வருஷத்தில் ஒரு சட்டைகூட மாறிப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் ஒருநாள் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். அலுவலக அறையில் உட்காரவைத்து டீயும் ரொட்டியும் கொடுத்து, எப்படித்தான் நீ இவ்வளவையும் ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று சிஸ்டர் கேட்டார். அவள் ஒவ்வொரு காலராகத் திருப்பிக் காட்டினாள். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு நோட்டில் நிறங்களையும் முடிச்சுகளையும் குறித்துக்கொண்டார். உனக்கு உடம்பு சரியில்லாத அன்றைக்கு வேறு யாராவது பிரிக்கவேண்டாமா என்றார். நியாயமாகத்தான் பட்டது.

இஸ்திரிக்காரிக்கு உடன்பிறந்தவர்கள் யாருமில்லை. உடன்பிறந்தவள் மாதிரி வாய்த்தவள் மீன் வெட்டுகிற அக்கா. மலைப்பக்கத்துக்காரி. கடலையே பார்க்காமல் பிறந்து வளர்ந்தவள், இங்கே வந்து மீன் கொட்டகையில் ஒரு நாளைக்கு நூறு மீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் மகனும் சுண்டெலியும் ஒரே பெஞ்சு. வயசுக்கு மீறிய உயரம் என்பதால் அவனுக்கு நெட்டையன் என்று பெயர். சுண்டெலிக்குக் காய்ச்சல் வந்த வாரம் அக்காதான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு பேரும் வேறு வேறு பாஷை. வெளியே கடைத்தெருப் பேச்சில் விடிய விடியப் பேசினாலும் அலுக்காது. அவள் இவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. மாடிச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, மாடியில் ஒரு பிள்ளைகூட ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கீழே நாற்பத்தொரு பிள்ளைகளுக்குத்தான் இடம். மீதி இருபத்திரண்டு பிள்ளைகள், மாடியைக் கட்டி முடிக்கும்வரை, மீன் சந்தைக்குப் பின்னால் கோயிலுக்குச் சொந்தமான பழைய கிடங்கில் படிக்கவேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. கட்டி முடிக்க எத்தனை வருஷமாகும் என்று யாரும் சொல்லவில்லை. கிடங்குக்கு டீச்சரும் கிடையாது. கோயிலில் பாட்டுப் பாடுகிற ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாளாம்.

தாய் தகப்பன்மார்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். யார் போவது என்று கேட்டதற்கு, சிஸ்டர் அந்த பிஸ்கட் டின்னை மேசைமேல் எடுத்து வைத்தார். டின்னைத் தெரியாத பிள்ளை அங்கே இல்லை. மணி அடிப்பது யார், சிலுவை தூக்குவது யார், முதல் பெஞ்சு யாருக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த டின்னில் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். சிஸ்டர் தன் சொந்த அண்ணன் மகளுக்குக்கூட சலுகை காட்டினதில்லை என்று பேர். இதற்கும் சீட்டுத்தான், உங்கள் எல்லோர் முன்னாலும் திங்கட்கிழமை காலையில் எடுப்பேன் என்றார் அவர்.

வெளியே வந்ததும் அக்கா இஸ்திரிக்காரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் நெட்டையனுக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்தாக வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான்.

"தங்கச்சி, உன்கிட்ட மட்டும் கேக்கறேன். அந்த டின்ன நம்பலாமா?"

"என்னக்கா இப்படிக் கேக்கற? சிஸ்டர் சொன்னா சொன்னதுதான்."

"எங்க ஆளுங்க சொல்றாங்க, எங்களத்தான் தள்ளிவிடுவாங்கன்னு."

"சீட்டுக்கு நீ யாரு நான் யாருன்னு தெரியுமா? வந்தா எம்பொண்ணுக்கும் வரும், உம்பையனுக்கும் வரும். வந்தா சேர்ந்தே கிடங்குக்கு அனுப்புவோம். நான் இருக்கேன்ல."

அந்த 'நான் இருக்கேன்ல' என்ற சொல்லைப் பிற்பாடு அவள் எத்தனையோ தரம் நினைத்து நினைத்து மனம் வெந்தாள். அக்கா அந்தச் சொல்லை நம்பினாள். நகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் காவல்காரர் சலவை நிலையத்துக்கே வந்து சிஸ்டர் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். சிவப்பு நூலையும் பச்சை நூலையும் தனி மூட்டையாகக் கட்டவேண்டுமாம். அதில் பட்டன் பார்க்கவேண்டிய சட்டைகள் இருக்கிறதாம். இஸ்திரிக்காரிக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. பட்டனெல்லாம் தான் பார்த்துத்தானே அனுப்புகிறோம் என்று முணுமுணுத்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேய்க்கும்போது இரண்டு அடுக்காக அடுக்கினாள். நெட்டையன் சட்டை, சிவப்பு நூல், நாலு முடிச்சு. அவன் கழுத்தை வளைத்து வளைத்து உட்காருவதால் காலர் எப்போதும் ஒரு பக்கம் சுருண்டிருக்கும். அதை இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தாள். ஒரு பட்டனும் தளர்ந்திருக்கவில்லை என்று அவள் கவனித்தாள். கவனித்தும் பேசாமல் மூட்டையைக் கட்டினாள்.

திங்கட்கிழமை தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் வீட்டுத் துணியோடு நின்றார்கள். பெற்றோர்கள் சுவரோரமாகக் குடையோடு நின்றார்கள். டின் எங்கே என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சிஸ்டர் நோட்டைப் பிரித்துப் பெயர் வாசித்தார். வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் போய் முதல் அடுக்கிலிருந்து சட்டையை வாங்கினார்கள். நீலம், கறுப்பு, மஞ்சள். சுண்டெலி சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து வரிசையில் நின்று, பின்னால் திரும்பி நெட்டையனுக்கு இடம் பிடித்தாள். நாற்பத்தொரு பெயரோடு நோட்டு மூடப்பட்டது. இரண்டாவது மூட்டையை அவிழ்க்கவே இல்லை. மீதி இருபத்திரண்டு பிள்ளைகளும் நிறம் நிறமான வீட்டுத் துணியில் முற்றத்தின் இன்னொரு பக்கம் நின்றார்கள். நெட்டையன் மேலே ஒரு பட்டன் இல்லாத கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தான். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அவன் சுண்டெலியைப் பார்த்துச் சிரித்தான்.

கணக்கு அப்படியே பொருந்தியிருந்தது. சிவப்பு பதின்மூன்று, பச்சை ஒன்பது. சீட்டும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம்.

இஸ்திரிக்காரி சுவரோரம் நின்ற அக்காவைப் பார்க்கத் துணிவில்லாமல் நேரே அலுவலக அறைக்குப் போனாள். டின் அலமாரிமேல் இருந்தது. சிஸ்டர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சீட்டு எடுக்கறேன்னு சொன்னீங்களே, சிஸ்டர்."

சீட்டு எடுத்தால் ஒவ்வொரு வீட்டிலும் சண்டை வரும், கோயிலுக்கு வருகிற பெரிய மனிதர்கள் பிள்ளைகளுக்குச் சீட்டு விழுந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல முடியாது என்றார் சிஸ்டர். ஒரே சனத்துப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தால் அவர்களுக்கும் ஆறுதல்தானே என்றார். குரலில் கோபம் இல்லை. ராத்திரி தூங்காதவர் போலக் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்து இவளுக்கு இரக்கம் வரவில்லை.

"எங்கிட்ட பட்டன்னு சொன்னீங்க. எங்கையாலயே பிரிக்க வச்சிட்டீங்க."

"நான் புதுசா ஒண்ணும் பிரிக்கலம்மா. நீ பிரிச்சு வச்சிருந்ததத்தான் எடுத்துக்கிட்டேன்," என்றார் சிஸ்டர். "உம்பொண்ணுக்கு இடம் இருக்கு. அத நினைச்சு சந்தோஷப்படு."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அறுக்கிற கத்தியையும் நம் கையாலேயே தீட்டி வாங்கிக்கொள்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே வந்தபோது அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையில் பட்ட தீப்பொறிக் காயத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டே கேட்டான்.

"தப்புதான். யாரு இல்லேங்கறா? ஆனா நம்ம பிள்ள தப்பிச்சுதே. அதப் பாரு."

"நான் வாக்குக் குடுத்தேங்க."

"நீ குடுத்த வாக்கா அது? அந்தம்மா குடுத்த வாக்கு. நீ ஏன் அத உன் தலையில தூக்கிப் போட்டுக்கற? எதுவும் பேசாத. பேசினா நம்ம பொண்ணையும் கொண்டுபோய் அந்தக் கிடங்குல தள்ளிடுவாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குக் கசந்தது. சுண்டெலி சாப்பிடாமல் தட்டில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாருமில்லாத பெஞ்சில் உட்காரப் பிடிக்கவில்லை என்று ஒரு தரம் சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் மீன் கொட்டகைக்குப் போனாள். அக்கா ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஏப்ரனுமாகப் பலகைமுன் நின்று செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். இவள் வந்து நின்றது தெரிந்தும் கத்தி நிற்கவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"துணிய ரெண்டாப் பிரிச்சது யாரு?"

"நான்தான். பட்டன் பாக்கணும்னு சொன்னாங்க."

"அது ஞாயித்துக்கிழம. நான் அதுக்கு முன்னாடி கேக்கறேன்." அக்கா மீனைத் திருப்பிப் போட்டாள். "எம்பையன் சட்டையில சிவப்பு நூல் போட்டது யாரு?"

"வார்டு துணிக்கெல்லாம் அப்படித்தான்..."

"பள்ளிக்கூடத்துல சேர்ந்த நாள்லேருந்து எம்பையன் கழுத்துல அது இருந்திருக்கு. உம்பொண்ணு கழுத்துல மஞ்சள். ரெண்டும் ஒரே பெஞ்சு, ஒரே தட்டுல தின்னும். நீ என்னை அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே வீட்டுக்குப் போய் எங்களத் தனியா அடுக்கியிருக்க."

"மாறிப் போயிடக்கூடாதுன்னுதான் போட்டேன்."

"மாறித்தான் போனா என்ன? எம்பையன் சட்டைய உம்பொண்ணு போட்டா உடம்பு அரிக்குமா?"

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே இஸ்திரிக்காரிக்கு அதுவரை தோன்றியதில்லை. வாளியில் தண்ணீரை மொண்டு பலகையைக் கழுவிவிட்டு, இனிமேல் இங்கே வராதே என்று அக்கா சொன்னாள். தங்கச்சி என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

இஸ்திரிக்காரி இரண்டு நாள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் சலவை நிலையத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவிழ்க்காத மூட்டை அலுவலக அறையில் ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. இது அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா வாங்கிக்கொடுத்த துணி, கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். சிஸ்டர் தடுக்கவில்லை. நாளைக்கு மூட்டை எடுக்க வருவாய்தானே என்று மட்டும் கேட்டார். வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு காலராகவும் இடுப்புப் பட்டியாகவும் திருப்பி முடிச்சை அறுத்து நூலை உருவினாள். அந்த நூல் வெளுத்துப்போகும்போதெல்லாம் அவளே புதுசு மாற்றித் தைத்திருந்தாள். கெட்டியான தையல், லேசில் வரவில்லை. விரலில் பிளேடு இரண்டு தரம் பட்டது. இருபத்திரண்டு பேர் துணியும் முடிந்ததும் சுண்டெலியைக் கூப்பிட்டு அவள் சட்டையையும் பாவாடையையும் வாங்கி மஞ்சள் நூலை உருவினாள். பட்டறையிலிருந்து வந்த வீட்டுக்காரன் வாசலில் செருப்பைக் கழற்றியபடி பார்த்தான். நாளைக்குப் பிள்ளையைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவன் கத்தினான். உனக்குப் பைத்தியமா, ஊரானுக்காகப் பெற்ற பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போடுகிறாயே என்றான். அவள் சண்டை போடவில்லை. சேர்ந்தே அனுப்புவோம் என்று நான்தான் சொன்னேன், அது சிஸ்டர் சொன்னதில்லை என்றாள். அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கிடங்கின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே உப்பு வாடை. பிள்ளைகள் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்காரப் பெண் சுவரில் கரியால் எழுதிக்கொண்டிருந்தாள். கதவருகே நாலைந்து தாய்மார்கள் நின்றிருந்தார்கள். அக்காவும் இருந்தாள். வேலைக்குப் போகிற கோலம், பூட்ஸ் போட்டிருந்தாள்.

இஸ்திரிக்காரி மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். வெள்ளை வெள்ளையாக அடுக்கு மடிப்புக் கலையாமல் இருந்தது. யாரும் கிட்டே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா குனிந்து மேலேயிருந்த சட்டையை எடுத்தாள். காலரைத் திருப்பினாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். திரும்பத் திரும்பத் தைத்ததில் ஊசி போன இடமெல்லாம் துணியில் ஓட்டையாக நின்றது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஆறேழு சட்டை பார்த்த பிறகு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நூலத்தான் எடுத்திருக்க," என்றாள். "இது எம்பையனோடது. நாலு முடிச்சு இருந்த இடம் அப்படியே தெரியுது."

இஸ்திரிக்காரி தலையாட்டினாள். சுண்டெலி அவள் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா அவளை அருகே கூப்பிட்டாள். அவள் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் ஓட்டைகள் இருந்தன. விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, காலரை மடித்து நீவி விட்டாள்.

"உள்ள போ. அவன் ஜன்னலோரமா உக்காந்திருக்கான்."

சுண்டெலி ஓடினாள். உள்ளே பெட்டி நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ ஏதோ ஒரு பாஷையில் திட்டுவதும், நெட்டையன் சிரிப்பதும் கேட்டது. அக்கா மகனின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கமாக நடந்தாள். இஸ்திரிக்காரியைத் தாண்டித்தான் போகவேண்டும். நிற்காமல் தாண்டிப் போனாள். அக்கா சந்தை முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலி மூட்டைத் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இஸ்திரிக்காரி வேலைக்குப் போனாள்.